வால்ஐ மீன் கணக்கெடுப்பை எப்படிப் படிப்பது: தூண்டில்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று வருடம் முன்பு ஒரு மே மாதம், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வடக்கே ஒரு சின்ன ஏரிக்குப் போனோம். போவதற்கு முந்தைய இரவு மாநில இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் தளத்தில் தேடியபோது அந்த ஏரிக்கு "வலைக்கு 14 வால்ஐ" என்று போட்டிருந்தது, பக்கத்து ஏரிகளெல்லாம் நாலு, ஐந்து என்று நிற்க இது மட்டும் 14, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று படகை வண்டியில் மாட்டிவிட்டேன். அன்று நாற்பது மீனுக்கு மேல் பிடித்தோம். ஒன்றுகூட 11 அங்குலத்தைத் தாண்டவில்லை. "ஏம்பா, நெத்திலி பிடிக்கவா அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டினோம்?" என்றார் கூட வந்த நண்பர்.

தப்பு ஏரி மேல் இல்லை, கணக்கெடுப்பு மேலும் இல்லை. அதே பக்கத்தில் இரண்டு அங்குலம் கீழே நீள அட்டவணை இருந்தது, பிடிபட்ட மீனில் பெரும்பங்கு "9-11 அங்குலம்" என்ற கட்டத்தில் குவிந்து கிடந்தது. நான் மேல் வரியோடு நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த அட்டவணைகளை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டேன், கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவாக்கி விடுவோம். வால்ஐ வேறு, நம்மூர் வாளை மீன் வேறு, ஒலி ஒற்றுமை தவிர இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. வால்ஐ வட அமெரிக்காவின் நன்னீர் மீன், பெர்ச் குடும்பம். கண்ணுக்குள் பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலான வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் இரையைப் பார்த்துவிடும், அதனால்தான் சாயங்காலமும் விடியலும் இதற்கு நல்ல நேரம். முள் குறைவு, சதை வெள்ளை, வறுத்தால் பிரமாதம். மினசோட்டாவுக்கு இதுதான் மாநில மீன்.

படி 1: எந்தக் கருவியால் பிடித்தார்கள், எந்தப் பருவத்தில்?

எண்ணைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். கருவி மாறினால் எண்ணின் அர்த்தமே மாறிவிடும்.

மினசோட்டாவில் அதிகம் பார்ப்பது செவுள் வலைதான். நம்மூர்க் கடற்கரையில் போடும் அதே தத்துவம், மீன் தலையை நுழைக்கும், செவுளில் மாட்டிக்கொள்ளும். அளவு மட்டும் கறாராக ஒரே மாதிரி: 250 அடி நீளம், 6 அடி உயரம், ஐந்து பாகங்கள், பாகத்துக்கு 50 அடி, கண்ணி முக்கால் அங்குலத்தில் தொடங்கி இரண்டு அங்குலம் வரை ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் போட்டு மறுநாள் எடுப்பார்கள். போன முறை போட்ட அதே இடங்களில், அதே பருவத்தில் போடுவார்கள். மில் லாக்ஸ் மாதிரி பெரிய ஏரிகளில் இது ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நடக்கும், அங்கே 52 வலைகள், கரையோரம் 32, ஆழத்தில் 20. சின்ன ஏரி என்றால் பல வருடத்துக்கு ஒருமுறைதான், எனவே கணக்கெடுத்த ஆண்டு எது என்று கட்டாயம் பாருங்கள். ஏழு வருடம் பழைய அட்டவணையில் உள்ள மீனில் பெரும்பங்கு இன்று ஏரியில் இருக்காது, யாருடைய தட்டிலோ போய் முடிந்திருக்கும்.

செவுள் வலையில் மாட்டியவை பெரும்பாலும் செத்துவிடும். படகுத்துறையில் இதைப் பற்றிப் புலம்பாத ஆள் இல்லை: "நம்மளை விடச் சொல்றாங்க, அவங்க வலை போட்டுக் கொல்றாங்க." எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஒருமுறை கரையில் நின்று அவர்கள் வேலை செய்வதைப் பார்த்த பிறகு மனசு மாறியது. அளவுப் பலகையில் மீனை வைத்து மூக்கை முட்டவைத்து நீளம் படிக்கிறார் ஒருவர், இன்னொருவர் எழுதுகிறார், தராசு, அப்புறம் வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை பிடித்திருக்கிறதா, என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பது. கடைசியில் தலையைப் பிளந்து இடுக்கியால் காதுக்கல் இரண்டையும் எடுத்துச் சின்ன உறையில் போடுகிறார்கள். ஆய்வகத்தில் அதை நடுவில் உடைத்து, உடைந்த முகத்தை லேசாகத் தீயில் காட்டி, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் வளையம் மாதிரி வருட வளையங்கள் தெரியும். ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கறுப்புக் கோடு. செதிலைப் பார்த்தும் வயது சொல்லலாம், ஆனால் கிழட்டு மீனில் செதில் பொய் சொல்லும், உண்மையை விடக் குறைத்துக் காட்டும். காதுக்கல் அந்த அளவுக்கு ஏமாற்றாது. உயிரோடு விட வேண்டிய மீன் என்றால் முதுகுத் துடுப்பு முள்ளை வெட்டி எடுத்துப் பார்ப்பதும் உண்டு.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் வழி வேறு. அங்கே வசந்தத்தில் ஏரியின் பனி உடைந்த உடனே, முட்டையிட வால்ஐ கரைக்கு வரும் சமயத்தில், வளையம் வைத்த பொறி வலை போடுவார்கள். நம்மூர்ப் பறி தெரியுமில்லையா, உள்ளே நுழையலாம், திரும்ப வழி தெரியாது, அதே கதைதான். மீன் சாகாது. பிடித்து, துடுப்பில் ஒரு நறுக்கு வைத்து அடையாளம் செய்து விட்டுவிடுவார்கள். அப்புறம் இரவில் மின்சாரப் படகு. முன்பக்கம் கம்புகளில் மின்முனைகள் தொங்கும், விளக்கு எரியும், தண்ணீரில் மின்சாரம் பாய்ந்ததும் பக்கத்து மீன்கள் சற்று நேரம் மயங்கும், நீளக் கைவலையால் அள்ளித் தொட்டியில் போடுவார்கள். அந்த இரவு விளக்கில் தண்ணீருக்கு அடியில் ஜோடி ஜோடியாகக் கண்கள் பளபளக்கும் பாருங்கள், எண்ணவே வேண்டாம், ஏரி எப்படி இருக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும்.

இலையுதிர் காலத்திலும் மின்படகு போகும், அது அந்த வருடக் குஞ்சுகளை எண்ண. அந்த அறிக்கையில் "மைலுக்கு இத்தனை" என்று போட்டிருந்தால் அது கரையோர மைல், நாளைக்கு நீங்கள் பிடிக்கப்போகும் மீன் இல்லை, மூன்று நான்கு வருடம் கழித்துப் பிடிக்கப்போகும் மீன்.

படி 2: மொத்தத் தொகை என்று சொன்னால், அது எப்படி வந்தது என்று பாருங்கள்

ஏரியில் 4,000 வால்ஐ இருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. ஒரு எளிய தந்திரம்தான். ஒரு மூட்டைப் பச்சரிசியில் ஒரு பிடியை மஞ்சளில் புரட்டிக் கலந்துவிட்டு, இன்னொரு பிடி அள்ளினால் அதில் எத்தனை மஞ்சள் அரிசி வருகிறது என்பதை வைத்து மூட்டையில் மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம் இல்லையா, அதேதான்.

நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் கற்பனை. 1,000 ஏக்கர் ஏரி. பொறி வலையில் பிடித்து 600 மீனுக்கு அடையாளம் வைத்தார்கள். அப்புறம் மின்படகில் 300 மீன் பிடித்தார்கள், அதில் 45 ஏற்கெனவே அடையாளம் உள்ளவை. 601-ஐ 301-ஆல் பெருக்கி, 46-ஆல் வகுத்து, ஒன்றைக் கழியுங்கள். ஏறக்குறைய 3,930. ஏக்கருக்கு நாலு வளர்ந்த மீன். ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டுவது சிறிய எண்ணிக்கையில் வரும் பிசகைச் சரிசெய்ய.

இப்போது அந்த 45-ஐ 30 ஆக்குங்கள். விடை 5,800-ஐத் தாண்டிவிடும். 60 ஆக்கினால் 3,000-க்குக் கீழே. பார்த்தீர்களா, அன்று இரவு காற்று அடித்ததா, படகு ஒரே விரிகுடாவைச் சுற்றியதா என்பதற்கெல்லாம் விடை ஆடும். அதனால் நல்ல அறிக்கையில் "இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை" என்று ஒரு வீச்சு கொடுத்திருப்பார்கள், அதைத்தான் படிக்க வேண்டும். 3,930 என்று ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு "போன வருஷம் 4,200, இப்ப குறைஞ்சுபோச்சு" என்று சண்டை போடுபவர்கள் இந்த வீச்சைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்று, இந்தக் கணக்கில் வருவது வளர்ந்த மீன் மட்டும். விஸ்கான்சினில் ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடிந்தவையும், முடியாவிட்டாலும் 15 அங்குலம் வந்தவையும் வளர்ந்தவை. இயற்கையாகப் பெருகும் ஏரி என்றால் ஏக்கருக்கு மூன்று வளர்ந்த வால்ஐ என்பது அங்கே பழகிய இலக்கு. மூன்றா, நமக்கெல்லாம் ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஒரு ஏக்கர் என்றால் கிட்டத்தட்ட அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் முக்கால் பங்கு, அதில் மூன்று மீன், அதைத் தேடித்தான் நாம் ஜிக்கை (ஈயத்தலை வைத்த தூண்டில்) ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

படி 3: "வலைக்கு இத்தனை" என்பதை அந்த ஏரியோடுதான் ஒப்பிட வேண்டும்

லேக்ஃபைண்டர் அட்டவணையில் வலைக்கு எத்தனை என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே "வழக்கமான வீச்சு" என்று ஒரு கட்டம் இருக்கும். மினசோட்டாவில் ஏரிகளை ஆழம், பரப்பு, நீரின் தன்மை போன்றவற்றை வைத்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள், அந்த வகை ஏரிகளில் நடுப்பாதி எங்கே நிற்கிறது என்பதுதான் அந்த வீச்சு. ஆழமான தெளிந்த ஏரியில் வலைக்கு 3 என்பது நல்ல எண்ணாக இருக்கலாம், ஆழம் குறைந்த கலங்கிய ஏரியில் அதே 3 ஏமாற்றம். அதனால் பக்கத்து ஏரியோடு ஒப்பிடாதீர்கள். முதலில் வீச்சைப் பாருங்கள், அப்புறம் அதே ஏரியின் முந்தைய கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 9, 8, 10, 4 என்று வந்தால் கவனிக்க வேண்டியது. 4, 9, 3, 8 என்று வந்தால் அந்த ஏரி அப்படித்தான், பதற வேண்டாம்.

படி 4: நீளமும் வயதும், அதாவது நான் கோட்டைவிட்ட இடம்

கல்லூரியில் 'எந்த பேட்ச்?' என்று கேட்போம் இல்லையா, வால்ஐக்கும் அதே கேள்விதான். ஒரே வசந்தத்தில் பொரித்தவை ஒரு பேட்ச். பெண் மீன் சரளைக் கற்கள் மேல் முட்டைகளைச் சிதறிவிட்டுப் போய்விடும், காவல் கிடையாது, கூடு கிடையாது. பனி உடைந்து நீர் சீராகச் சூடேறினால், குஞ்சுக்குத் தின்ன நீரில் மிதக்கும் பொடி உயிர்கள் சரியான நேரத்தில் கிடைத்தால், பேட்ச் பெரிதாக வரும். நடுவில் குளிர் திரும்பினால் லட்சக்கணக்கில் போய்விடும். நல்ல பேட்ச் ஒன்று வந்தால் அது பல வருடம் ஏரியைத் தாங்கும், இடையில் உள்ளவை பூஜ்ஜியத்துக்குப் பக்கம்.

அதனால் நீள அட்டவணையில் ஒரு கட்டத்தில் குவியலும் பக்கத்துக் கட்டங்களில் வெற்றிடமும் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அது பேட்ச். இப்போது 9-11-இல் குவிந்திருப்பது இரண்டு மூன்று வருடத்தில் 14-16-க்கு நகரும். நாங்கள் நெத்திலி பிடித்த அந்த ஏரியை நான் அழித்துவிடவில்லை, நாட்குறிப்பில் குறித்து வைத்தேன். இந்த வருடம் அங்கே போகிறோம்.

அட்டவணையை ஒரே எண்ணில் சுருக்க ஒரு வழி இருக்கிறது. 10 அங்குலத்துக்கு மேல் உள்ள எல்லா வால்ஐயையும் எண்ணுங்கள், அதில் 15 அங்குலமும் அதற்கு மேலும் எத்தனை என்று பாருங்கள், சதவீதம் போடுங்கள். 30-இலிருந்து 60-க்குள் இருந்தால் சின்னதும் பெரியதும் கலந்த சமநிலை. 10 என்று வந்தால் பொடிமீன் ஏரி. 90 வந்தால் படம் எடுத்து மாட்டும் அளவுக்குப் பெரிய மீன் கிடைக்கும் என்று சந்தோஷப்படத் தோன்றும், ஆனால் கீழே இளசுகள் இல்லை என்று அர்த்தம், அது நல்ல செய்தி இல்லை.

படி 5: நன்றாகக் கடிக்கிறது என்றால் நிறைய மீன் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நம்ப யாருக்கும் மனசு வராத விஷயம் இது.

பல ஏரிகளில் வால்ஐக்கு முக்கிய இரை மஞ்சள் பெர்ச் என்ற சின்ன மீனின் குஞ்சுகள். அவை கொழித்திருக்கும் வருடத்தில் வால்ஐ வயிறு நிறைந்து கிடக்கும், உங்கள் இரைமீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெர்ச் குறைந்த வருடத்தில் பசியோடு அலையும், கண்டதைக் கடிக்கும், படகுத்துறையில் எல்லோரும் "ஏரி நிரம்பி வழியுது" என்பார்கள். வீட்டில் சமையல் இல்லாத நாளில் தெருவில் ஆள் அதிகம் தெரிவது மாதிரி. அலையும் மீன் செவுள் வலையிலும் அதிகம் மாட்டும் என்பதால் வலை எண்ணுமே கொஞ்சம் ஏறிவிடக்கூடும். எனவே அட்டவணையில் வால்ஐ வரியைப் பார்த்த கையோடு பெர்ச் வரியையும் பாருங்கள். அப்புறம் சராசரி எடையைப் பாருங்கள், நீளத்துக்கு எடை குறைவாக இருந்தால் பசி.

மில் லாக்ஸில் இதை வைத்து நடந்த சண்டை பெரியது. 1,32,000 ஏக்கர் ஏரி, மாநிலத்தின் பெயர்பெற்ற வால்ஐ ஏரி. 1837 ஒப்பந்தப்படி ஒஜிப்வே பழங்குடி மக்களுக்கு அங்கே மீன்பிடி உரிமை உண்டு என்று 1999-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன்பின் மாநிலமும் பழங்குடி அமைப்புகளும் சேர்ந்து வருடத்துக்கு இவ்வளவு பவுண்டு என்று அளவு வகுக்கின்றன. பல வருடம் குஞ்சு பொரிந்தும் இளமீன் தப்பிப் பிழைக்கவில்லை. நீர் தெளிந்துபோனது, வரிக்குதிரைச் சிப்பி, வாலில் முள் உள்ள நீர்த்தெள்ளு என்று வெளியூர் உயிர்கள் நுழைந்தன. 2013-இல் 2,50,000 பவுண்டாக இருந்த அளவு 2014-இல் 60,000, 2015-இல் 40,000. அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் தூண்டில்காரர்களுக்கு வால்ஐ பிடிப்பது மூடப்பட்டது. 2016-இல் பிடித்தால் விட்டுவிட வேண்டும், ஒன்றுகூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அந்தச் சமயத்தில் 2013 பேட்ச் கடித்துக்கொண்டிருந்தது, "மீன் இவ்வளவு கடிக்குது, மூடி வைக்கிறாங்களே" என்று கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் கோபம். அவர்கள் பிழைப்பு அது, கோபம் நியாயம்தான். ஆனால் கடித்தது பெரும்பாலும் ஒரே பேட்ச், அதற்குப் பின்னால் வரிசையில் அதிகம் யாரும் இல்லை, வலை அதைத்தான் சொன்னது.

விட்ட மீனும் கணக்கில் உண்டு. வெயில் காலத்தில் நீர் சூடாக இருக்கும்போது விட்ட மீனில் ஒரு பங்கு செத்துவிடும், தூண்டிலை விழுங்கியிருந்தால் இன்னும் மோசம். மில் லாக்ஸில் அந்தச் சாவையும் அளவிலிருந்து கழிக்கிறார்கள். படகுத்துறையில் அட்டை வைத்துக்கொண்டு நின்று எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை வைத்தீர்கள், எத்தனை விட்டீர்கள் என்று கேட்பவர் இதற்காகத்தான் கேட்கிறார். பொய் சொல்லாதீர்கள். இரண்டை எட்டு என்றால் அவர் எழுதிக்கொள்வார்.

படி 6: எண் எப்படி விதியாக மாறுகிறது

அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள இரி ஏரியைப் பாருங்கள், இது நல்ல கதை. 1970-இல் பாதரசம் கண்டு வால்ஐ மீன்பிடிப்பு மூடப்பட்ட ஏரி. இன்று அதன் மேற்குப் பகுதியில் ஆகஸ்டில் இழுவலை போட்டு அந்த வருடக் குஞ்சுகளை எண்ணுகிறார்கள், ஹெக்டேருக்கு இத்தனை என்று. 2003, 2015, 2018, 2019, 2021 எல்லாம் பெரிய பேட்ச்கள். அந்த எண்கள், வலை, தூண்டில்காரர் கணக்கு எல்லாம் ஒரு கணித மாதிரிக்குள் போய், வசந்தத்தில் இரி ஏரிக் குழு கூடி மொத்தம் எத்தனை மீன் பிடிக்கலாம் என்று அறிவிக்கும். அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதுகூட ஏரியில் அவரவர் பரப்பை வைத்து எழுதி வைத்தது: ஒஹாயோ 51.11 சதவீதம், ஒன்டாரியோ 43.06, மிச்சிகன் 5.83. இரி ஏரி மீன் வேகமாக வளரும், 15 அங்குலம் எட்ட இரண்டு மூன்று வருடம் போதும், அதனால் 2018 பேட்ச் பற்றிய ஆகஸ்ட் அறிக்கையைப் படித்தவர்கள் 2021-க்கு விடுமுறை போட்டு வைத்தார்கள்.

உங்கள் ஏரியில் "இந்த அங்குலத்திலிருந்து இந்த அங்குலம்வரை விட வேண்டும்" என்று விதி வந்தால் எரிச்சல் படும் முன் நீள அட்டவணையைத் திறந்து பாருங்கள். பல சமயம் விட வேண்டிய கட்டத்தில் ஒரு நல்ல பேட்ச் நிற்கும், அது முட்டையிட வேண்டும் என்று காப்பாற்றுகிறார்கள். விதி வருடம் நடுவிலும் மாறும், படகை இறக்கும் முன் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஏரியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மினசோட்டாவின் வடக்கே ரெட் லேக் என்ற ஏரி இருக்கிறது. தொண்ணூறுகளில் அங்கே வால்ஐ அடியோடு சரிந்தது. ரெட் லேக் ஒஜிப்வே மக்கள் தங்கள் வலைத்தொழிலையே நிறுத்தினார்கள், 1999-இல் மாநிலமும் சேர்ந்து முழுத்தடை, 1999, 2001, 2003 ஆகிய மூன்று வருடங்களில் கோடிக்கணக்கில் குஞ்சு விட்டார்கள், 2006-இல் திறந்தார்கள். விட்ட குஞ்சுகளை ஒரு மருந்துக் கரைசலில் நனைத்திருந்தார்கள், பிற்பாடு காதுக்கல்லைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் அந்த அடையாளம் மின்னும், எது விட்டது எது தானே பிறந்தது என்று தெரிந்துவிடும். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த தந்திரம் இதுதான்.

படி 7: கிளம்பும் முன் பத்து நிமிடம்

சரி, நான் இப்போது செய்வது இவ்வளவுதான். மூன்று ஏரியைத் தேர்ந்தெடுப்பேன். கணக்கெடுத்த ஆண்டு நாலு வருடத்துக்குள் இருக்கிறதா பார்ப்பேன். வலைக்கு எத்தனை என்பதை வீச்சோடு ஒப்பிடுவேன். நீள அட்டவணையில் குவியல் எங்கே என்று பார்த்து, கணக்கெடுத்ததிலிருந்து எத்தனை வருடம் ஆயிற்றோ அதற்கு ஏற்ப மனசிலேயே நகர்த்துவேன், வடக்கே வருடத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது, மீன் பெரிதாகப் பெரிதாக அதுவும் குறையும். பெர்ச் வரி. குஞ்சு எப்போது விட்டார்கள் என்ற பட்டியல், விட்ட வருடமும் குவியலின் வயதும் ஒத்துப்போனால் அந்த ஏரி விட்ட மீனை நம்பி வாழ்கிறது. கடைசியில் கீழே உயிரியலாளர் எழுதியிருக்கும் இரண்டு பத்தி, பலர் படிக்காமல் விடுவது, அதில்தான் "ஆழ்பகுதியில் ஆக்சிஜன் குறைவு" மாதிரி தகவல் ஒளிந்திருக்கும். அது ஒன்றே கோடையில் உங்கள் தூண்டிலை எத்தனை அடிக்கு மேல் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

முதுகுத் துடுப்புக்கு அடியில் நூல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை குத்தியிருக்கும் மீன் ஒருநாள் உங்களுக்கு மாட்டலாம். மீனை விடப்போகிறீர்கள் என்றால் பட்டையைப் பிடுங்காதீர்கள், ஈரக் கையால் பிடித்து எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நீளம், தேதி, ஏரியில் எந்த இடம், வைத்தீர்களா விட்டீர்களா என்று குறித்துப் பட்டையில் உள்ள முகவரிக்குச் சொல்லிவிடுங்கள். தூண்டில்காரர்கள் வருடத்துக்கு எத்தனை சதவீதம் மீனை எடுக்கிறார்கள் என்ற கணக்கு அப்படி வரும் தகவல்களில்தான் நிற்கிறது. எனக்கு ஒன்று மாட்டியது, 19 அங்குலம், பதில் கடிதத்தில் அந்த மீனுக்கு ஆறு வருடம் முன்பு, நான் பிடித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பட்டை குத்தியதாகப் போட்டிருந்தார்கள்.